பழைய பிக்கப்புக்கு டோர்ஷன் பார் மாற்றுமுன் வேர்னியரை எடுங்கள்

டட்சன் 620, நிசான் 720 போன்ற பிக்கப்புகளின் முன்பக்கத்தை இறுக்கமாக்க, கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைக்கிற மிகத் தடித்த டோர்ஷன் பாரை (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் உருக்குத் தண்டு) வாங்க வேண்டாம். இப்போதுள்ள பாரின் நடுப்பகுதியில் துருவைச் சுரண்டி, வேர்னியரால் விட்டத்தை அளந்து, அதைவிட 1 மி.மீ. மட்டும் கூடியதை எடுங்கள்.

பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. பாருக்குப் பதில் 21 போட்டால் விறைப்பு சுமார் 22 சதவீதம் கூடும். 22 போட்டால் 46 சதவீதம். அதற்குமேல் போனால் பழைய ஷொக்கால் தாங்க முடியாது, சுமையில்லாத வண்டி துள்ளும். பாரின் முனையைப் பிடிக்கும் எங்கர் போல்ட்டை முறுக்கினால் போதும் என்று சில கராஜ்களில் சொல்வார்கள். அது உயரத்தைத்தான் கூட்டும், விறைப்பை அல்ல. அளவுக்கு மீறி உயர்த்தினால் சக்கரம் கீழிறங்க இடமில்லாமல் ஒவ்வொரு குழியிலும் 'டக்' என்று அடிக்கும், போல் ஜொயின்ட்டும் சீக்கிரம் தேயும்.

பாவித்த பார் என்றால் முனையிலுள்ள இடது, வலது குறியைப் பாருங்கள். ஒரே திசையில் முறுகிப் பழகிய பாரை மறுபக்கம் போட்டால் முறியலாம். முனையிலுள்ள ஸ்ப்ளைன் (பற்கள்) எண்ணிக்கையும் நீளமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பூட்டியபின் வீல் எலைன்மென்ட் கட்டாயம்.

முன்பக்கம் கொயில் அல்லது லீஃப் ஸ்பிரிங் உள்ள வண்டிகளுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. கன்ட்ரோல் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றி ஓட்டிப் பாருங்கள். பல வேளைகளில் பாருக்கே வேலையிராது.