அந்த நேரத்தில் தலை வலித்தால் என்ன செய்வது?

மருந்துக்கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்துவிட்டு, "அண்ணே, அந்த நேரத்துல தலை வலிக்குது, ஏதாவது மாத்திரை குடுங்க" என்று, உடலுறவு நேரத்தைத்தான் அப்படிச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நான் உடனே மாத்திரை எடுப்பதில்லை. வலி எப்படி வந்தது என்றுதான் முதலில் கேட்பேன்.

ஆசை கூடக்கூட பிடரியும் தாடையும் இறுகி, மெல்ல ஏறும் வலி ஒரு வகை. அப்படியே நிறுத்திவிட்டால் பெரும்பாலும் தணியும். அவசரமில்லை, ஆனாலும் ஒரு டாக்டரிடம் காட்டி பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உச்சக்கட்டத்தில் இடி விழுந்ததுபோல, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி வேறு வகை. முதல் தடவை இப்படி வந்தால், குறைந்துவிட்டாலும் சரி, சுய இன்பத்தின்போது வந்தாலும் சரி, அப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம். முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் கசிவு அநேகமாகத் தெரிந்துவிடும். தாமதமானால் முதுகுத்தண்டு நீரையும் எடுத்துப் பார்க்க வேண்டிவரலாம். காலையில் பார்க்கலாம் என்று ஆஸ்பிரின் போட்டுப் படுப்பது ரொம்பத் தப்பு. அது ரத்தக்கசிவைக் கூட்டும். எல்லாம் பார்த்து ஆபத்தில்லை என்றான பிறகு, இந்தத் தலைவலிக்கென்றே டாக்டர்கள் தரும் மாத்திரைகள் இருக்கின்றன.

கெண்டைக்கால் பிடிப்பது, வேகமாக மூச்சு வாங்கியதில் உதடும் விரலும் மரத்துப்போவது, காரணமில்லாமல் அழுகையோ சிரிப்போ வருவது, சிலருக்குத் தும்மல்கூட, இவையும் அந்த நேரத்தில் வரலாம். கொஞ்ச நேரத்தில் போய்விட்டால் விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அதற்கும் 108தான்.

நெஞ்சு வலித்தால் இன்னொரு சிக்கல். சில்டெனாஃபில் (வயாக்ரா போன்ற விறைப்பு மாத்திரை) போட்டவர் நாக்கின் அடியில் சார்பிட்ரேட் (நெஞ்சுவலி மாத்திரை) வைத்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கும். வீட்டில் அப்பாவுக்கு வாங்கி வைத்த சார்பிட்ரேட்டை எடுத்து நாக்கின் அடியில் போட்டுக்கொள்ளாதீர்கள். என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை ஆஸ்பத்திரியில் மறைக்கவும் வேண்டாம்.

விந்தில் ரத்தம் தெரிந்தால், இளவயதில் ஒரே ஒரு தடவை என்றால் பெரும்பாலும் தானே சரியாகும். 40 தாண்டியவர்களும், திரும்பத் திரும்ப வருபவர்களும் சிறுநீர்ப்பாதை டாக்டரை (யூராலஜிஸ்ட்) பாருங்கள். உறவுக்குப் பின் ரத்தம் படும் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்கள், மகப்பேறு டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சீட்டு எழுதும் இடத்தில் "திடீர்னு கடுமையான தலைவலி" என்றால் போதும். உள்ளே போனதும் டாக்டரிடம் மட்டும், என்ன செய்துகொண்டிருந்தபோது தொடங்கியது என்பதை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள்.