வெள்ளவத்தை மொட்டை மாடியில் சின்னஞ்சிறு கோள் நெபுலாக்களைப் பிடிக்கும் வழி

கொழும்பு வானத்தில் என்ன தெரியப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது என்ஜிசி 6572 என்ற கோள் நெபுலா, அதாவது முதிர்ந்த விண்மீன் உதிர்த்த ஒளிரும் வாயுக்கூடு. காலி வீதி விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போதே, எங்கள் மாடியில் 6 அங்குல டொப்சோனியன் தொலைநோக்கியில் அது பச்சையாகத் தெரியும். சந்திரனையும் சனியையும் பார்த்து முடித்துவிட்டுத் தொலைநோக்கியை மூலையில் நிறுத்தியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நகர வெளிச்சம் விழுங்குவது பரந்து கிடக்கும் மங்கலான பொருள்களைத்தான். 6572 இன் பிரகாச எண் 8.1 (எண் கூடக் கூட மங்கல்), வெறுங்கண்ணுக்கு எட்டாது. ஆனால் அந்த ஒளி முழுவதும் பதினைந்து விகலைக்குள் (ஒரு விகலை பாகையின் 3600 இல் ஒரு பங்கு) அடங்கிக் கிடக்கிறது. வியாழனின் தட்டே சராசரியாக நாற்பது விகலை இருக்கும். இவ்வளவு குறுகிய இடத்தில் செறிந்த ஒளியை 200 மடங்கு பெருக்கினாலும் தாங்கும். நிலவொளிகூடப் பெரிதாகக் கெடுக்காது. போயா (பௌர்ணமி) இரவில் மற்றப் பொருள்களைத் தேடிப் பிரயோசனமில்லை, இத்தகைய சின்னக் கோள் நெபுலாக்களைத் தேடலாம். அன்று பலருக்கு விடுமுறையும்கூட.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. குறைந்த உருப்பெருக்கத்தில் இவை விண்மீன் போலவே தெரியும். சரியான இடத்துக்கு வந்துவிட்டாலும் கண் முன்னே முப்பது நாற்பது புள்ளிகள். அதில் எது நெபுலா?

என்னுடைய குழாயின் குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர். 25 மில்லிமீற்றர் ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, தேடுவதற்கு அது. 10 மில்லிமீற்றர் 120 மடங்கு, 6 மில்லிமீற்றர் 200 மடங்கு, இவை பார்ப்பதற்கு. வரைபடத்தை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் எடுத்து, 11 ஆம் பிரகாச எண் வரை விண்மீன்கள் வரும்படி அச்சடித்துக்கொள்ளுங்கள். டொப்சோனியன் போன்ற நியூட்டோனியன் வகையில் படம் தலைகீழாக இருக்கும், அவ்வளவுதான். தாளைச் சுற்றிப் பிடித்தால் பொருந்திவிடும். 90 பாகை டயகனல் (ஒளியைத் திருப்பும் கண்ணாடி) போட்ட தொலைநோக்கியில் இடம் வலம் மாறும், அதற்குக் கண்ணாடிப் பிம்பமாக அச்சடிக்க வேண்டும். டோர்ச்சுக்கு வெசாக் கூட்டுக்கு வாங்கும் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றுங்கள். பக்கத்து பிளாட் விளக்கு கண்ணில் அடிக்காமல் தலையில் ஒரு கறுப்புத் துவாயைப் போட்டுக்கொள்ளுங்கள். பகல் வெயிலில் சூடேறிய கொங்கிரீட் இரவு வெகுநேரம் கொதிப்பைக் கக்கும். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே மாடியில் வைத்துவிட்டால் ஆடியும் ஆறியிருக்கும்.

இனி முக்கியமான வித்தை. ஓ-3 பில்டர் (ஒட்சிசனின் பச்சை ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) ஒன்று வேண்டும். அதை ஐபீஸில் திருகாதீர்கள். விளிம்பை மட்டும் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து, கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவே மெதுவாக நுழைத்து எடுங்கள். இரண்டு விநாடி உள்ளே, இரண்டு விநாடி வெளியே. (வியர்வைக் கை கண்ணாடியில் படக் கூடாது, நம் ஊர் உப்புக் காற்றில் அந்தக் கறை லேசில் போகாது.) பில்டர் நுழைந்ததும் விண்மீன்கள் எல்லாம் மங்கும், சின்னவை காணாமலே போகும். ஒரே ஒரு புள்ளி மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும். ஒரு கணத்துக்கு முன் அது கூட்டத்தில் ஒன்று. இப்போது அந்த வட்டத்திலேயே பிரகாசமானது அதுதான். என் மகள் முதன்முதலாகப் பில்டரைப் பிடித்தபோது, நான் இடத்தைச் சொல்வதற்கு முன்னரே, “அப்பா, இதுதானே?” என்றாள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இது ஏன் நடக்கிறது என்பதே ஒரு பெரிய கதை. விண்மீனின் ஒளி எல்லா நிறங்களிலும் பரந்திருக்கிறது. கோள் நெபுலாவோ மெல்லிய வாயு. அதன் ஒளியில் பெரும்பகுதி 495.9, 500.7 நானோமீற்றரில் இரண்டு பச்சைக் கோடுகளாக வருகிறது. பில்டர் விடுவதும் அந்த இரண்டைத்தான். 1864 இல் வில்லியம் ஹகின்ஸ் என்ஜிசி 6543 இல் அந்தக் கோடுகளைக் கண்டார். பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அவை பொருந்தாததால் நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்தார்கள். இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசன்தான் அது என்று ஐரா போவன் விளக்கியது 1927 இல். நீங்கள் விரலிடையில் பிடித்திருக்கும் சின்னக் கண்ணாடி அந்த அறுபது வருடக் கேள்வியின் பதில்.

சரி, 6572 க்கு வருவோம். பாம்புதாங்கி உடுத்தொகுதியில் செபல்ராய் என்ற விண்மீன் கொழும்பிலும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து தேடுகுழலில் வடகிழக்கே எட்டுப் பாகை போனால் 71, 72 ஒபியூக்கி என்ற இரண்டு விண்மீன்கள் பக்கம் பக்கமாக இருக்கும். மங்கலான 71 இலிருந்து தெற்கே, சற்றுக் கிழக்காக, இரண்டு பாகைக்குக் கொஞ்சம் கூட. அந்த இடத்தில் பில்டரை நுழையுங்கள். கிடைத்ததும் 200 மடங்குக்கு மாறி நேராகப் பாருங்கள். மங்கலானவற்றைக் கடைக்கண்ணால் பார்க்கச் சொல்வார்கள், ஆனால் நிறம் வேண்டுமென்றால் நேர்ப்பார்வைதான். எனக்குப் பச்சை, மகளுக்கு நீலம்.

வெள்ளவத்தையின் அகலக்கோடு ஏறக்குறைய 6 பாகை 52 கலை. இந்த நெபுலாவின் நடுவரை விலக்கம், அதாவது வானத்தில் அதன் அகலக்கோடு, 6 பாகை 51 கலை. அதாவது அது நம் உச்சந்தலைக்கு நேர் மேலே போகிறது. வளிமண்டலம் மிக மெல்லியதாக இருக்கும் இடம் அது. ஆனால் டொப்சோனியனை உச்சிக்கு நிமிர்த்தினால் பக்கவாட்டில் நகர்த்துவது பெரும்பாடு. உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ பிடியுங்கள். ஓகஸ்ட் 20 அளவில் இரவு எட்டரைக்கு உச்சியில் இருக்கும், ஒன்பதரைக்குக் கடற்பக்கம் சாய்ந்திருக்கும். தென்மேற்குப் பருவத்தில் முகில் இடைவெளிகளை நம்பித்தான் பார்க்க வேண்டும். தெளிந்த வானம் வேண்டுமென்றால் மார்ச் இறுதியில் அதிகாலை நாலே முக்காலுக்கு எழும்புங்கள்.

அடுத்தது ஐசி 418 என்ற கோள் நெபுலா. பெப்ரவரி தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே உயரத்தில் நிற்கும். ரைஜலுக்கும் முயல் உடுத்தொகுதியின் ஆர்னெப்புக்கும் நடுவே, ஒரு பாகை கிழக்காக. இதை 1891 இல் கண்டுபிடித்தவர் வில்லியமினா ஃபிளெமிங், ஹார்வர்டில் நிறமாலைப் படத்தட்டுகளைப் பார்த்தே பிடித்தார். இங்கே ஓ-3 வித்தை அவ்வளவாகக் கைகொடுக்காது; நடு விண்மீனின் வெப்பம் போதாததால் ஒட்சிசன் கோடுகள் பலவீனம். வரைபடத்தை நம்பிப் போய், 120 மடங்கில் ஓரம் மசங்கிய விண்மீனைத் தேடுங்கள்.

ஏப்ரலில் மாலை இடிமழை கழுவிவிட்ட இரவுகளில் என்ஜிசி 3918. ஜோன் ஹெர்ஷல் 1834 இல் தென்னாபிரிக்காவிலிருந்து கண்ட நீல வட்டம். தென்சிலுவையின் மேற்குக் கை விண்மீனிலிருந்து வடமேற்கே நாலு பாகைக்குச் சற்றுக் குறைவு. நமக்கு 26 பாகைக்கு மேல் எழாது, ஏப்ரல் 20 அளவில் இரவு பத்து மணிக்கு அந்த உச்ச உயரத்தில் இருக்கும். தெஹிவளைப் பக்க வெளிச்சத்துக்கு மேலேதான் தேட வேண்டும், ஆனாலும் பில்டரை நுழைத்தால் உடனே தனித்து நிற்கும்.