ஒரு குழந்தையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவது எப்படி

ஆசிரியர்கள் தங்களுக்குள்ளேயே நடத்திக்கொள்ளும் பயிற்சி இது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 1965இல் தொடங்கிய பிராஸ்பெக்ட் பள்ளியில் பாட்ரிசியா கரினியும் அங்கிருந்த ஆசிரியர்களும் உருவாக்கியது. ஒருவர் தன் வகுப்பிலுள்ள ஒரே ஒரு குழந்தையை விவரிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். ஆறு முதல் பத்துப் பேர் போதும்.

ஒரு வாரம் முன்பே, கூட்டத்தை நடத்துபவரும் அந்த ஆசிரியரும் உட்கார்ந்து ஒரு கேள்வியைத் தீர்மானிக்க வேண்டும். பாதி வேலை இதில்தான். ‘இவனை எப்படி அடக்குவது?’ என்று கேட்டால் அடக்கும் வழிகள்தான் கிடைக்கும். ‘கட்டை அடுக்கும்போது இவனிடம் தெரியும் நிதானத்துக்கு எழுத்து வேலையில் எப்படி இடம் கொடுப்பது?’ என்று கேட்டால் குழந்தையின் பலத்திலிருந்து பேச்சு தொடங்கும்.

அடுத்து ஐந்து தலைப்புகளில் குறிப்பெடுங்கள்: உடலும் அசைவும், சுபாவம், பிறரோடு உறவு, ஆழ்ந்த விருப்பங்கள், யோசிக்கும் கற்கும் விதம். விருப்பங்கள் என்ற இடம் பலருக்குக் காலியாக இருக்கும். அதை ஊகித்து நிரப்பாதீர்கள். இன்னும் சில நாள் கவனித்துவிட்டு எழுதுங்கள். குழந்தையின் ஓவியம், நோட்டு என மூன்று நான்கு கையோடு இருக்கட்டும்.

சொற்களில் கவனம் தேவை. ‘சோம்பேறி’, ‘மக்கு’ மட்டுமல்ல, ‘கெட்டிக்காரி’யும் தீர்ப்புதான். ‘பென்சிலைச் சீவினாள், கீழே வைத்தாள், ஜன்னலைப் பார்த்தாள்’ என்று கண்டதைச் சொல்லுங்கள். ‘எப்பவுமே இப்படித்தான்’ என்று வாயில் வந்தால், எப்போது அப்படி இல்லை என்று தேடுங்கள்.

கூட்டத்தில் ஆசிரியர் 30 முதல் 40 நிமிடம் தடையின்றிப் பேச வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் கெடும். ஐந்தாவது நிமிடமே யாராவது ‘என் கிளாஸிலும் ஒருத்தன்’ என்று தொடங்குவார். நடத்துபவர் தயங்காமல் நிறுத்த வேண்டும்; விட்டால் அந்தக் குழந்தை காணாமல் போய்விடும். பேசி முடித்ததும் நடத்துபவர் கேட்டவற்றைச் சுருக்கித் தொகுப்பார். பிறகு தகவல் கேட்கும் கேள்விகள் மட்டும், சுமார் 20 நிமிடம். ‘ஏன் கண்டிக்கவில்லை?’ என்பது கேள்வி அல்ல, அறிவுரை.

யோசனைகள் அதற்குப் பிறகே. ஒன்றுக்கொன்று முரண்பட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள். எதை எடுப்பது என்பது அந்த ஆசிரியரின் முடிவு. கடைசிப் பத்து நிமிடம், குழந்தைக்கும் குடும்பத்துக்கும் மரியாதை குறையாமல் பேசினோமா என்று பாருங்கள். குறிப்புகளில் மாற்றுப்பெயரே இருக்கட்டும்; கேள்விக்குத் தொடர்பில்லாத வீட்டு விஷயம் வேண்டாம்.

40 பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் இவ்வளவு நேரமா என்று தோன்றலாம். ஒருவரை இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மறுநாள் மற்றவர்களும் வேறாகத் தெரிவார்கள். மூன்று வாரம் கழித்து அதே குழுவில், எதைச் செய்துபார்த்தீர்கள், குழந்தை என்ன செய்தது என்று சொல்ல 15 நிமிடம் ஒதுக்குங்கள்.