டோட்டல் லொஸ் காரைத் திருத்திய பின் அதன் அடையாளத்தை நிறுவுவது எப்படி?

விபத்தில் நொறுங்கிய ஒரு காரைத் திருத்தும் செலவு அதன் பெறுமதியை நெருங்கும்போது, காப்புறுதி நிறுவனம் அதை டோட்டல் லொஸ் என்று தீர்மானித்து, உரிமையாளருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, சேதமடைந்த வாகனத்தை விற்றுவிடுகிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 தொடக்கம் வரை மீளத் திறக்கப்படாததால் பயன்படுத்திய கார்களின் விலை பெரிதும் உயர்ந்தது. அத்தகைய சந்தையில் நொறுங்கிய காரையும் திருத்தி விற்பது இலாபமாகிவிடுகிறது. நேர்மையாகத் திருத்திய கார் ஓடுவதில் தவறில்லை. ஆனால் அழிந்த காரின் ஆவணங்களை வேறொரு காருக்குப் பொருத்துகிற மோசடிக்கும் இதே வழிதான் பயன்படுகிறது என்பதால், உங்கள் கார் பதிவுச் சான்றிதழில் உள்ள அதே கார்தான் என்பதை நீங்களே நிறுவ ஆயத்தமாக இருக்க வேண்டும்.

அடையாளப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் 2003 முதல் 2015 வரை நடைமுறையில் இருந்த வாகன அடையாளப் பரிசோதனைகூட, கார் ஆவணத்தில் குறிப்பிடப்பட்ட கார்தானா என்பதை மட்டுமே பார்த்தது. வெல்டிங் உறுதியானதா, காற்றுப்பை வேலை செய்கிறதா என்பது அதன் பொறுப்பாக இருக்கவில்லை. ஆகவே அடையாளம் உறுதியான பின்னரும், அடிச்சட்டம் வளையாமல் நேராக உள்ளதா என்று அளந்து பார்க்கும் கராஜ் ஒன்றில் காரைத் தனியாகக் காட்டுவது அவசியம்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் செஸி இலக்கம், அதாவது காரின் உடலில் பொறிக்கப்பட்ட அடையாள எண். கொழும்பில் ஓடும் கார்களில் பல ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென்று தயாரிக்கப்பட்டவை என்பதால், 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சர்வதேச இலக்கத்தை அவற்றில் தேட வேண்டாம். மாதிரிக் குறியீடு, ஒரு சிறு கோடு, அதன்பின் தொடர் எண் என்றே அது அமையும். சில மாதிரிகளில் இயந்திர அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டிலும், வேறு சிலவற்றில் முன் இருக்கைக்குக் கீழுள்ள தரைத் தகட்டிலும் அது பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் ஒரே சீராக உள்ளனவா, சுற்றிலும் அரைத்த தடமோ புதிய வர்ணமோ வெல்டிங் கோடோ தெரிகிறதா என்று வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். இருக்கைப் பட்டிகளில் தைத்திருக்கும் தயாரிப்புத் திகதி, காரின் தயாரிப்பு ஆண்டுக்குப் பிந்தியதாக இருந்தால், அது மாற்றப்பட்ட பாகம். அதற்கான விளக்கம் விற்பவரிடம் இருக்க வேண்டும்.

ஹாப் கட், அதாவது வேறொரு காரிலிருந்து வெட்டியெடுத்த முன்பாதியை வாங்கி, முன்பகுதியை மாற்றுவோர் இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அந்தத் துண்டு இயந்திர அறைத் தகட்டையும் சேர்த்து வெட்டப்பட்டிருந்தால், வேறொரு காரின் இலக்கம் உங்கள் காருக்குள் வந்துவிடும். இலக்கம் உள்ள பகுதியை வெட்டி ஒட்டும்படி டிங்கர் வேலைக்காரரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும், பார்ப்பவருக்கு அது மோசடியாகவே தெரியும். சேதம் அந்த இடத்தைத் தொட்டிருந்தால், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே படம் எடுத்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து அறிவுறுத்தல் பெறுவதுதான் பாதுகாப்பு.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கும் பாகங்களுக்குப் பற்றுச்சீட்டு கேட்பதைப் பலர் வெட்கமாக நினைக்கிறார்கள். அது தேவையற்ற வெட்கம். கதவு, பொனட், இயந்திரம் போன்ற பெரிய பாகங்களுக்குக் கடையின் பெயர், திகதி, எந்த மாதிரியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது எழுதப்பட்ட சீட்டை வாங்குங்கள். ஆஸ்திரேலிய மாநிலங்களில் டோட்டல் லொஸ் என்று தீர்மானிக்கப்பட்டுத் திருத்தப்பட்ட கார்களைப் பரிசோதிப்பவர்கள் பாகங்களின் பற்றுச்சீட்டுகளைக் கேட்பதும், திருடிய கார்களின் பாகங்கள் இவ்வழியே கலக்காமல் தடுப்பதற்காகத்தான். திருத்துவதற்கு முன், நடுவில், பின் எடுத்த படங்களையும், காப்புறுதி நிறுவனத்திடமிருந்து வாகனம் வாங்கியதற்கான கடிதத்தையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

இயந்திரத்தையோ நிறத்தையோ மாற்றியிருந்தால், பதிவுச் சான்றிதழிலும் அந்த மாற்றம் பதியப்பட வேண்டும். பதிவில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதை நீக்குவதற்கான கடிதத்தையும் முன்கூட்டியே பெறுங்கள். நாரஹேன்பிட்டவிலோ வெரஹெரவிலோ உள்ள திணைக்கள அலுவலகத்துக்குக் காரைக் கொண்டுபோகும்போது, பொறித்த இலக்கத்தைச் சுற்றியுள்ள கிறீஸையும் அழுக்கையும் துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாளால் தேய்த்தால் எழுத்தின் விளிம்பு சிதைந்து, இல்லாத சந்தேகத்தை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

நீங்கள் வாங்குபவராக இருந்து, இலக்கத்தில் ஐயம் ஏற்பட்டால், எவ்வளவு குறைந்த விலையானாலும் முற்பணம் கொடுக்காதீர்கள். அழிக்கப்பட்ட இலக்கத்தை இரசாயன முறையில் மீட்டெடுக்க முடியும் என்பதால், பொலிசார் அத்தகைய வாகனத்தை அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் பரிசோதனைக்கு உட்படுத்துவது உண்டு; பழைய இலக்கம் வெளிப்பட்டால், கார் வழக்குப் பொருளாகிவிடும், நீங்கள் கொடுத்த பணத்தை விற்றவரிடமிருந்து மீட்பதும் உங்கள் தலையிலேயே விழும்.