தாத்தா எந்த யூனியனில் இருந்தார்? தேடுவது இப்படித்தான்

வீட்டில் பெரியவர் யாராவது "நான் அந்தக் காலத்தில் யூனியனில் இருந்தேன்" என்றால், எந்த யூனியன் என்று கேட்பதற்கு முன்னால் எந்த வருஷம் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் சங்கங்களையெல்லாம் ஒரே குடைக்குள் கொண்டுவந்த சம்மேளனம் இருபது வருஷத்துக்குள் பல தடவை பெயரும் ஆளும் மாறியிருக்கிறது. வருஷம் தெரியாமல் தேட ஆரம்பித்தால் தப்பான காகிதக் கட்டுக்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள், நான் உட்கார்ந்திருந்தேன்.

ஜப்பான்காரன் போன கையோடு, 1945 கடைசியில் பொதுத் தொழிலாளர் சங்கம் கிளம்பியது. 1946இல் அதன் இடத்தில் சிங்கப்பூர்த் தொழிற்சங்கச் சம்மேளனம் வந்தது. கம்யூனிஸ்டுகளின் பிடி அதில் பலம். துறைமுகம், நகராட்சி என்று நம்ம ஆட்கள் நிறைந்திருந்த இடங்களில் அதன் சங்கங்கள் வேர் விட்டிருந்தன. 1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலச் சட்டம் வந்ததோடு அந்தக் கதை முடிந்தது. பிறகு 1951இல் தொழிற்சங்கக் காங்கிரஸ். அது 1961இல் இரண்டாகப் பிளந்து, மக்கள் செயல் கட்சிப் பக்கம் தேவன் நாயர் முன்னின்ற என்டியுசி (தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்), எதிர்ப்பக்கம் சாட்டு (சிங்கப்பூர்த் தொழிற்சங்கங்களின் சங்கம்). சாட்டுவின் கதை 1963இல் முடிந்தது. மிச்சம் இருப்பது என்டியுசி, ஃபேர்பிரைஸ் கடையில் நீங்கள் தினமும் பார்க்கிற அதே பெயர்தான்.

ஒரு வழுக்குப் பாறை: "காங்கிரஸில் இருந்தேன்" என்று தாத்தா சொல்வது 1951இல் வந்த காங்கிரஸாக இருக்கலாம், என்டியுசியாக இருக்கலாம், மலாயா இந்தியர் காங்கிரஸ் என்ற அரசியல் கட்சியாகவும் இருக்கலாம். வருஷத்தைப் பிடித்தால் பாதி முடிச்சு அவிழும்.

அப்புறம் அலமாரியைக் குடையுங்கள். எங்கள் வீட்டில் மைலோ டின் ஒன்றில், பழைய பாஸ்போர்ட்டுக்கு அடியில், தாத்தாவின் சந்தா அட்டை கிடந்தது. மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு ஊதா முத்திரை. 1948 மே வரைக்கும் ஒன்றுகூட விடுபடவில்லை, ஜூன் கட்டத்திலிருந்து எல்லாம் வெள்ளை. சங்கத்தின் பெயர் கறையில் அழிந்துபோயிருந்தாலும், எந்தக் காலத்துச் சங்கம் என்பதை அந்த வெள்ளைக் கட்டங்களே காட்டிக்கொடுத்துவிட்டன.

தேதி கிடைத்ததும் பழைய பத்திரிகைகள் இருக்கிற, தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துக்குப் போங்கள். ஆங்கிலப் பத்திரிகையில் பெயரைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். வீராசாமி என்றால் 'வி'க்குப் பின்னால் ஒரு 'ஐ', இரண்டு 'இ', கடைசியில் 'ஐ', இல்லையென்றால் 'ஒய்' என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பெயரில் ஒன்றும் சிக்கவில்லையா, வேலையிடத்தையும் 'ஸ்டிரைக்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். தமிழ் முரசை நான் தேதி வைத்துப் பக்கம் பக்கமாகத்தான் புரட்டினேன், கண் வலிக்கும், பரவாயில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் விடாதீர்கள், அங்கே பழைய சங்கக்காரர்கள் தங்கள் குரலிலேயே பேசுகிறார்கள்.

திடீரென்று ஆள் காணாமல் போயிருந்தால் மலாயாப் பக்கமும் பாருங்கள், இரண்டு கரைச் சங்கங்களுக்கும் போக்குவரத்து இருந்தது. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள், சிங்கப்பூர்ச் சம்மேளனத்தில் முன்னணியில் இருந்த வீரசேனன் மலாயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். பல வீடுகளில் பேச்சு ஏன் 1948ஓடு நின்றுபோகிறது என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதனால் பெரியவர்களிடம் "தாத்தா கம்யூனிஸ்டா?" என்று ஆரம்பிக்காதீர்கள், கதவு சாத்திக்கொள்ளும். சந்தா யார் வாங்க வருவார்கள் என்று கேளுங்கள். என் அத்தை அதற்குத்தான் வாய் திறந்தார்: "சம்பள நாளன்று கேட் பக்கத்தில் ஒருத்தர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு நிற்பார்டா, உன் தாத்தா எனக்கு ஐஸ் வாங்கித் தருவதற்கு முன்னால் அவரிடம்தான் போவார்."