அலை வருமுன் போட வேண்டிய ஆக்சிஜன் கணக்கு

கட்டில்களைக் கூட்டுவது எளிது. 2021 கோவிட் இரண்டாம் அலையில் இந்திய மருத்துவமனைகள் பலவற்றைத் திணறடித்தது ஆக்சிஜன்தான். முதலில் அந்தக் கணக்கைப் போடுங்கள்.

பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 50 பேருக்கு நாளொன்றுக்கு 7,20,000 லிட்டர் வேண்டும். பெரிய டி வகை சிலிண்டர் கொள்வது சுமார் 7,000 லிட்டர். ஆக, 103 சிலிண்டர். மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி, காற்று கலக்காத முழு ஆக்சிஜனில் நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுத்தால் ஒரு சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

டேங்க் நிறைய திரவ ஆக்சிஜன் இருந்தும் குழாயில் அழுத்தம் விழலாம். திரவத்தை வாயுவாக்கும் ஆவியாக்கியிலிருந்து திறனுக்கு மேல் இழுத்தால் அதன்மேல் பனி கட்டும், வாயு வரத்து குறையும். டேங்கின் கொள்ளளவோடு, ஆவியாக்கி மணிக்கு எத்தனை கனமீட்டர் தரும் என்றும் சப்ளையரிடம் கேளுங்கள். பலர் கேட்பதில்லை.

மிச்சம் பிடிப்பது வார்டில். ஒவ்வொரு ஷிஃப்டிலும் எல்லாருக்கும் ஆக்சிமீட்டர் வைத்துப் பாருங்கள். கோவிட் நோயாளிகள் பெரும்பாலோருக்கு ரத்த ஆக்சிஜன் அளவு 92–96 சதவீதம் போதும், 99 வீண். குறைக்கும்போது மாஸ்க்கின் ஓட்டத்தை 10-க்குக் கீழே இறக்காதீர்கள்: பை சுருங்கி, விட்ட மூச்சையே நோயாளி மீண்டும் இழுப்பார். மூக்குக் குழாய்க்கு மாற்றி, 5 லிட்டரிலிருந்து படிப்படியாக இறக்குங்கள். காலியான கட்டில்களின் ஃப்ளோமீட்டரை மூட ஓர் ஆள் தனியே இருக்கட்டும்.