ஓடிபி வரவில்லையா? முதலில் இன்பாக்ஸைப் பாருங்கள்

பெங்களூரில், அல்சூர் சோமேஸ்வரர் கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் ஜெராக்ஸ் கடை. 2008-ல் திறந்தபோது ஜெராக்ஸ், லேமினேஷன், அவ்வளவுதான். இப்போது பாதி வருமானம் அடுத்தவர்களுக்கு ஆன்லைனில் பணம் கட்டிக் கொடுப்பதில் வருகிறது. பெஸ்காம் கரண்ட் பில், தேர்வுக் கட்டணம், பொங்கலுக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட். கார்டு அவர்களுடையது, போன் அவர்களுடையது, திட்டு மட்டும் எனக்கு. "என்ன அண்ணா, உங்க கம்ப்யூட்டர் சரியில்லையா?"

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. பணம் கட்டும் கடைசிப் படியில் மாட்டிக்கொள்பவர்களை வருஷக்கணக்காகப் பார்த்துவிட்டேன். மாட்டுவதற்குக் காரணம் அநேகமாக அந்தப் படியில் இருக்காது, அதற்கு முன்பே எங்கோ இருக்கும்.

ஒரு விண்ணப்பக் கதை சொல்கிறேன். கடைசி நாள், சாயங்காலம் ஆறரை மணி. ஒரு பெண், நுழைவுத் தேர்வுக் கட்டணம் கட்ட வந்தாள். அப்பாவின் டெபிட் கார்டு, எனவே ஓடிபி, அதாவது ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் ரகசிய எண், அப்பாவின் போனுக்குப் போகும். அவர் ஆட்டோ ஓட்டுகிறார், அப்போது ஒசூர் ரோட்டில் சவாரியில் இருந்தார். ஓரமாக நிறுத்திப் பார்த்துவிட்டு "ஒன்னும் வரலைம்மா" என்றார். மறுபடி அனுப்பச் சொன்னோம். வரவில்லை. இன்னொரு தடவை. ம்ஹூம். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு எட்டரைக்கு அவரே கடைக்கு வந்து சேர்ந்தார். கையில் பழைய பட்டன் போன். திரையின் மூலையில் ஒரு சின்ன தபால் உறை மினுக்கிக்கொண்டிருந்தது. இன்பாக்ஸ் நிரம்பியிருக்கிறது! லோன் விளம்பரம், ரீசார்ஜ் விளம்பரம், ரம்மி விளம்பரம் என்று நூறு எஸ்எம்எஸ் அழித்தேன். உடனே டிங் டிங் என்று மூன்று ஓடிபியும் வரிசையாக வந்து விழுந்தன. மூன்றும் செத்தவை. புதிதாக ஒன்று கேட்டு வாங்கிக் கட்டியபோது மணி ஒன்பது.

அதனால் என் முதல் ஆலோசனை இதுதான். கார்டை எடுக்கும் முன் போனை எடுங்கள். பட்டன் போன் என்றால் இன்பாக்ஸில் இடம் இருக்கிறதா பாருங்கள். ஸ்மார்ட்போன் என்றால் ஸ்பேம் பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், சில சமயம் வங்கிச் செய்தி அங்கே போய் ஒளிந்துகொள்ளும். சிக்னல் இருக்கிறதா? என் கடைக்குள் இரண்டு கம்பெனி சிம்முக்கு சிக்னல் கிடையாது, வாசலில் வேப்பமரத்தடிக்குப் போனால் நாலு கோடு. ஓடிபிக்காகவே அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறேன்.

அடுத்தது, வங்கியில் பதிந்திருக்கும் எண் எது என்பது. "இதே நம்பர்தான்" என்று எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். ஓடிபி பக்கத்தில் கடைசி சில இலக்கங்கள் காட்டும், அதைப் படித்ததும் முகம் மாறும். அது ஊரை விட்டு வரும்போது தூக்கிப்போட்ட சிம்மாக இருக்கும். இதற்குக் கடையில் மருந்து இல்லை, வங்கியில் எண்ணை மாற்றித்தான் ஆகவேண்டும். சிம் தொலைந்து அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கியவர்கள் ஒரு நாள் பொறுக்க வேண்டும். மாற்று சிம் செயல்படத் தொடங்கிய முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும். அடுத்தவன் எண்ணில் சிம் எடுத்து ஓடிபி திருடும் ஆட்களுக்காக வைத்த தடை, நல்லதுதான். ஆனால் கடைசி நாளுக்கு முந்தின நாள் சிம் மாற்றினால் அழ வேண்டியதுதான்.

கார்டையே ஆன்லைனுக்குத் திறந்துவிடாதவர்கள் தனிக் கூட்டம். ஏடிஎம்மில் ஓடுகிற கார்டு இங்கே ஏன் ஓடவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, புதுக் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும் வேலை செய்யும்படிதான் கைக்கு வரும். ஆன்லைன், வெளிநாடு, மெஷினில் தொட்டுவிட்டுப் போகும் வசதி எல்லாம் நாமே திறந்துவிட வேண்டும். பழைய கார்டானாலும் அதுவரை ஒரு தடவைகூட ஆன்லைனில் பயன்படுத்தாமல் இருந்தால் அதையும் மூடச் சொன்னார்கள். வங்கி ஆப்பில் கார்டு என்ற பகுதிக்குப் போனால் ஆன்லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டு அதோடு நிற்காதீர்கள், பக்கத்திலேயே ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற வரம்பும் இருக்கும். சுவிட்ச் போட்டு, வரம்பை ஆயிரம் ரூபாயில் விட்டுவிட்டு, நாலாயிரம் கட்ட முயன்ற ஒரு டீக்கடை அண்ணாச்சி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

சரி, இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடிபி தாமதமாகிறது. அப்போது கை சும்மா இருக்காது, 'மறுபடி அனுப்பு' என்பதைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் முந்தின எண் செத்துப் புது எண் பிறக்கும். அப்புறம் முதலாவது வந்து சேரும், அதைப் போடுவீர்கள், தவறு என்று சொல்லும். இப்படி மூன்று தடவை போனால் சில வங்கிகள் கார்டையே கொஞ்ச நேரம் பூட்டிவிடும். ஒரு நிமிஷம் முழுசாகக் காத்திருங்கள். வேண்டுமானால் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். கேட்டதில் கடைசியாகக் கேட்டது எதுவோ அதை மட்டும் போடுங்கள். பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணுவதும் பின்னால் போவதும் கூடவே கூடாது.

ஏன் இந்த இம்சை என்று கேட்பவர்களுக்கு: 2009 ஆகஸ்ட் 1 முதல் ஆன்லைன் கார்டு கட்டணத்துக்கு, கார்டின் மேல் அச்சடித்திருப்பது மட்டும் போதாது, கார்டில் இல்லாத ஒன்றும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. ஆரம்பத்தில் அதற்குப் பாஸ்வேர்டு வைத்தார்கள். எல்லாரும் மறந்தார்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் கார்டின் முதுகிலேயே எழுதி வைத்திருந்தார், கார்டில் இல்லாத ஒன்று வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள் பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பார்களோ. அதைவிட ஓடிபி எவ்வளவோ மேல்.

வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபியே கேட்காமல் பணம் போய்விடும். அங்கே இந்த விதி செல்லாது. அதனால் வெளிநாட்டு சுவிட்ச் தேவைப்படும் அன்று மட்டும் திறந்திருந்தால் போதும்.

எங்கள் மாதிரிக் கடைகளுக்குப் போகும்போது ஒன்றைக் கறாராகக் கேளுங்கள். கார்டின் பின்பக்க மூன்று இலக்கத்தையும் ஓடிபியையும் நீங்களே அடிக்க வேண்டும். நான் கீபோர்டைத் திருப்பி வைத்துவிட்டு தெருவைப் பார்ப்பேன். கீபோர்டைத் திருப்பி வைக்காத கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் வேறு கடைக்குப் போங்கள். கார்டைச் சேமிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். 2022 அக்டோபர் முதல் விற்பனைத் தளங்கள் கார்டு எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது, பதிலுக்கு டோக்கன் என்ற மாற்று எண்தான். இருந்தாலும் அடுத்தவர் கம்ப்யூட்டரில் அது எதற்கு?

என்னை உறுத்துவது வேறொன்று. அந்தப் பெண் செய்ததைப் போல, ஓடிபியைப் போனில் கேட்டு வாங்குவது நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. ஏமாற்றுக்காரனும் அதே அவசரத்தோடு அதையேதான் கேட்பான். முடிந்தால் போன் வைத்திருப்பவர் பக்கத்தில் இருக்கும்போது கட்டுங்கள். முடியவில்லையா, போன் வைத்திருப்பவர், கூப்பிடுவது தன் மகள்தான் என்று உறுதி செய்துவிட்டு, செய்தியை முழுதாகப் பார்த்து இந்த வரிசையில் சொல்ல வேண்டும்: முதலில் தொகை, அப்புறம் யாருக்குப் போகிறது என்பது, கடைசியில்தான் எண். தொகை பொருந்தவில்லை என்றால் எண்ணைச் சொல்லாமல் போனை வைத்துவிட வேண்டும்.

இனி, எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும் இடம். கணக்கில் பணம் போய்விட்டது, தளம் தோல்வி என்கிறது. உடனே இரண்டாம் தடவை கட்டாதீர்கள். முதலில் திரையைப் படம் எடுங்கள், பரிவர்த்தனை எண்ணை எழுதுங்கள், பத்து நிமிஷம் கழித்து விண்ணப்ப நிலையைத் திறந்து பாருங்கள், பல சமயம் கட்டியதாகவே இருக்கும். இல்லையென்றால் கட்டிய நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், ஞாயிறும் கணக்கில் சேரும். 2019-ல் வந்த விதி இது. அதற்கு மேல் இழுத்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, அதுவும் நாம் கேட்காமலே வரவேண்டும். ஒரு தடவை என் பணம் பதினோரு நாள் கழித்து வந்தது, 600 ரூபாயைக் காணோம். அந்த விதியைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதிப் போட்டேன், வந்தது. வங்கி முப்பது நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்னது திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தகவலுக்கு 14448.

நீங்கள் கட்டாத பணம் போயிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். ஆப்பில் கார்டை முடக்கிவிட்டு வங்கிக்குச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், வங்கித் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டமில்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் தலையில்தான். போலீசுக்கு 1930. அந்த எண்ணை ஜெராக்ஸ் விலைப்பட்டியலுக்குக் கீழே, கன்னடத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.